பட்டியலில் எத்தனை ஐயர்? மேற்கோள் பிழைகளை அறிகுறி பார்த்துக் களைதல்

என் ஆய்வேடு திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது: "இந்த ஐயர் டர்பனில் பத்திரிகை நடத்தினாரா, புறநானூற்றைப் பதிப்பித்தாரா?" ஒரு பக்கத்தில் (ஐயர் 1908) என்று போட்டிருந்தேன். மூன்று பக்கம் தள்ளி (ஐயர் 1894). முன்னவர் 1908-இல் டர்பனில் ஆங்கிலமும் தமிழுமாக 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தொடங்கிய பி. எஸ். ஐயர். பின்னவர் உ. வே. சாமிநாதையர். எனக்குத் தெரியும், படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பின்பக்கப் பட்டியலில் போய்ப் பார்த்தால் இருவரும் 'ஐயர்' என்ற ஒரே கூரையின் கீழ் குடியிருந்தார்கள்.

அன்றிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவில் யார் ஆய்வேட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். சான்றுகளில் பாதி தமிழ்ப் புத்தகம், பழைய பத்திரிகை, கப்பல் பட்டியல். மேற்கோள் கையேடுகளை எழுதியவர்கள் நம் இனிஷியலையோ ஜய வருஷத்தையோ கண்டவர்கள் அல்லர். ஆகவே கையேட்டை வரி தவறாமல் பின்பற்றியும் பிழை வரும். உங்கள் பட்டியலில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடுங்கள்.

ஒரே ஆசிரியர் இரண்டு இடத்தில் இருக்கிறார். அல்லது இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள்

வருகிற கோளாறுகளில் பாதி இதுதான். முதலில் ஒன்று பாருங்கள்: அந்தப் பெயரில் குடும்பப்பெயர் என்று ஒன்று உண்டா?

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றிய காலத்திலும் அதற்குப் பிறகும் தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. முதலியார் மூட்லி ஆனார், பிள்ளை பிள்ளே ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். தாத்தாவும் பேத்தியும் ஒரே மூட்லிதான். இவர்களைப் பொறுத்தவரை கையேடு சொல்வது சரி: குடும்பப்பெயர் முதலில், பிறகு காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர்.

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு அது பொருந்தாது. அவருடைய இனிஷியல் தகப்பனாரையோ ஊரையோ குறிக்கும். கடைசியில் நிற்பதுதான் அவருடைய சொந்தப் பெயர், அவரை அழைக்க வேண்டியதும் அந்தப் பெயரால்தான். ஒரே பட்டியலில் இந்த இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது மென்பொருள் திணறுகிறது, நாமும் திணறுகிறோம்.

மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள் ஸோடேரோ. அதில் ஆசிரியருக்கு இரண்டு பெட்டி இருக்கும். 'சாமிநாதையர்' முழுவதும் கடைசிப் பெயர்ப் பெட்டிக்கு, 'உ. வே.' முதற்பெயர்ப் பெட்டிக்கு. நூலக அட்டவணையிலிருந்து இறக்கும்போது பெயர் 'சாமிநாத ஐயர்' என்று இரண்டு சொல்லாக வந்திருந்தால் 'ஐயர்' மட்டும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான். இறக்கிய ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் திறந்து பாருங்கள். திருத்தத்தை ஸோடேரோவுக்குள்ளேயே செய்ய வேண்டும். வேர்டு கோப்பில் பட்டியலின் மேல் நேரடியாகத் தட்டிய திருத்தம் அடுத்த புதுப்பித்தலோடு காணாமல் போகும்; "அக்கா, நேற்றே சரி பண்ணினேனே!" என்று மாதம் ஒருவராவது வந்து நிற்பது இதனால்தான்.

ஆசிரியர் ஒரு நிறுவனமாக இருந்தால் பெட்டிகளுக்கு அருகில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். அப்படிச் செய்யாத ஒரு பட்டியலில் 'கழகம், தமிழ்நாட்டுப் பாடநூல்' என்று கண்டேன். யாரோ கழகம் என்ற பெரியவர் எழுதியது போல இருந்தது.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. ஆங்கில ஆய்வேட்டில் சாமிநாதையர் ஒரு நூலின் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டலோடும் இன்னொரு நூலில் வேறொன்றோடும் வருவார். நூலக அட்டவணையில் எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் போட்டு மூன்றாவது வேஷம். பட்டியல் மூன்று பேர் என்று நம்பிவிடும். தமிழில் எழுதப்பட்ட நூல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறை பழகிய பாதை, தேர்வாளர்களும் ஏற்பார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய ஆசிரியர் தம் பெயரை எப்படி அச்சிட்டாரோ அப்படியே விடுங்கள். டர்பன் நாயுடு ஒருவரின் பெயரைப் பேரகராதி முறைக்கு மாற்றினால் நூலகத்தில் யாரும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது, அவருக்கே அடையாளம் தெரியாது.

இன்னொன்று. சாதிப் பட்டம் பிடிக்காமல் அதை வெட்டிவிட்டு எழுதும் பிள்ளைகள் உண்டு. அந்த மனம் எனக்குப் பிடிக்கும். கட்டுரைக்குள் எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள். பட்டியலில் மட்டும் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடிதான். பாரதி, பாரதியார், சுப்பிரமணிய பாரதி என்று ஒரே ஆள் மூன்றாக நிற்பதும் இதே நோய்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலிருந்தும் 'காண்க' என்று ஒரு வரி கொடுத்தால் போதும்.

ஆண்டு ஒத்துவரவில்லை

மூன்று காரணம் உண்டு, வேறு வேறு மருந்து.

ஒன்று, முதல் பதிப்பும் மறுபதிப்பும் கலந்துபோவது. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894-இல் வந்தது. மாணவர் கையில் இருப்பது பல பத்தாண்டு கழித்து வந்த மறுபதிப்பு. ஆண்டு 1894 என்று போட்டு, பக்க எண்ணை மறுபதிப்பிலிருந்து எடுத்திருப்பார். அப்படி ஒரு புத்தகம் உலகத்திலேயே இல்லை! பக்க எண் கையில் இருக்கும் பிரதிக்குச் சொந்தம், எனவே அதன் ஆண்டு கட்டாயம். முதல் பதிப்பின் ஆண்டு உங்கள் வாதத்துக்கு முக்கியம் என்றால் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுங்கள். கூடவே, சாமிநாதையர் அதன் ஆசிரியர் அல்லர், பதிப்பாசிரியர், பெயருக்குப் பின் (ப.ஆ.) என்று வர வேண்டும். பென்சில்காரர் அதையும் சுட்டியிருக்கலாம், இரக்கப்பட்டு விட்டுவிட்டார் போலிருக்கிறது.

இரண்டு, திருவள்ளுவர் ஆண்டு. தலைப்புப் பக்கத்தில் 2030 என்று பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் வெளிவராத புத்தகம்!" என்று ஒரு பையன் சிரித்தான். 31-ஐக் கழியுங்கள்: 1999.

மூன்றாவதுதான் ஆழமான பள்ளம். பழைய நூல்களில் ஆண்டு அறுபது வருஷச் சுழற்சியில் இருக்கும். 'ஜய வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சகத்தையும் முன்னுரையையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். சுற்று தெரிந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. ஜய வருஷம் 1894 ஏப்ரல் நடுவில் சித்திரையோடு தொடங்கி 1895 ஏப்ரலில் முடிகிறது. ஆகவே 'ஜய வருஷம் ஆவணி' என்றால் 1894. 'ஜய வருஷம் தை' என்றால் பாதிக்கு மேல் 1895 ஜனவரி, மீதி பிப்ரவரி. மாதத்தைப் பார்க்காமல் ஆண்டை எழுதாதீர்கள். வருஷம் என்ற சொல்லுக்குப் பதில் ௵ என்ற குறியும், மாதத்துக்கு ௴ என்ற குறியும் இருக்கும். அவற்றை அழகுக்குப் போட்ட சுழிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்க எண்ணும் தமிழ் இலக்கத்தில் இருக்கலாம்: ௱௨௰௩ என்றால் 123. பட்டியலில் 123 என்றே எழுதலாம், தவறில்லை.

ஆண்டே இல்லையென்றால் (ஆ.இ.) போடுங்கள். ஊகம் செய்தால் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொன்ன பக்கத்தைத் திறந்தால் அந்த வரி இல்லை

திரையில் பிடிஎஃப் காட்டும் எண்ணை எடுத்தீர்களா, தாளின் மேல் அச்சான எண்ணை எடுத்தீர்களா? அச்சான எண்தான் வேண்டும். அட்டை, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து பத்து இருபது பக்கம் தள்ளிவிடும்.

அது சரியாக இருந்தும் ஒத்துவரவில்லை என்றால் பதிப்பைப் பாருங்கள். காந்தியைச் சான்று காட்டும் எல்லாரும் இங்கே ஒரு முறை விழுவார்கள். அவருடைய தொகுப்பு நூல்கள் அச்சில் 100 தொகுதி. பின்னர் வந்த மின்பதிப்பு 98 தொகுதி. ஆகவே ஒரே கடிதம் இரண்டிலும் வேறு தொகுதி, வேறு பக்கம். எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். அதோடு கடிதம் யாருக்கு, என்ன தேதி என்பதையும் சேருங்கள். தேதி எந்தப் பதிப்பிலும் இடம் மாறாது.

சங்கப் பாட்டுக்கும் குறளுக்கும் பக்க எண்ணே வேண்டாம். புறம் 192, குறள் 423 என்றால் போதும்; டர்பனில் உள்ள பதிப்பிலும் மதுரையில் உள்ள பதிப்பிலும் அது அங்கேயே இருக்கும். உரையை மேற்கோள் காட்டும்போது மட்டும் உரையாசிரியர், பதிப்பு, பக்கம். தொல்காப்பியம் இதற்கு விலக்கு. இளம்பூரணர் ஒரு நூற்பாவாக எடுத்ததை இன்னொரு உரையாசிரியர் பிரித்தோ சேர்த்தோ எடுத்திருப்பார், எண்கள் நகர்ந்துவிடும். எனவே தொல்காப்பியத்துக்கு யாருடைய உரைப்படி என்பதையும் சொல்ல வேண்டும்.

மேற்கோள் எல்லா இடத்திலும் இருக்கிறது, மூலம் எங்கும் இல்லை

தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி எழுதாத தமிழ் மாணவர் இங்கே குறைவு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், சிறை சென்று நோயோடு திரும்பி 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தாள். அவள் சொன்னதாக இணையத்தில் வீர வசனங்கள் ஏராளம். ஒரு மாணவி ஐந்து வசனங்களைத் தொகுத்து வந்தாள். ஒவ்வொன்றாகப் பின்னால் பிடித்துக்கொண்டு போனோம். நான்கு ஒரு விழா மலரிலிருந்து இன்னொரு விழா மலருக்கு, அங்கிருந்து ஒரு பேச்சுக்கு என்று நடந்து பாதியில் நின்றுவிட்டன. ஐந்தாவது மட்டும் காந்தியின் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்' நூலில் போய் முட்டியது. படுக்கையில் கிடந்தவளோடு தாம் பேசியதைக் காந்தியே எழுதியிருக்கிறார்.

நல்லது, கிடைத்துவிட்டது. அதை எப்படி எழுதுவது? காந்தி அந்த நூலைக் குஜராத்தியில் எழுதினார். வால்ஜி கோவிந்த்ஜி தேசாயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1928-இல் சென்னையில் எஸ். கணேசன் வெளியீடாக வந்தது. மாணவி படித்தது அந்த ஆங்கிலத்தின் பிற்காலப் பதிப்பு. கட்டுரையில் கொடுத்தது தன் தமிழாக்கம். ஆகக் குறிப்பில் வர வேண்டியவை: ஆசிரியர் காந்தி, மொழிபெயர்த்தவர் தேசாய், கையில் உள்ள பதிப்பின் விவரமும் பக்கமும், இறுதியில் 'தமிழாக்கம் என்னுடையது'. வள்ளியம்மையின் சொல்லை நாம் நேராகக் கேட்கவில்லை, காந்தியின் நினைவு வழியாக, இரண்டு மொழி தாண்டிக் கேட்கிறோம் என்பது அந்த ஒரு குறிப்பிலேயே தெரிந்துவிடும். குஜராத்தி மூலத்தைப் பார்க்காமல் அதைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

மற்ற நான்கு வசனம்? மூலம் கிடைக்காதபோது 'இன்ன மலரில் மேற்கோளாக' என்று எழுதலாம், அந்த மலரைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒருவர் வாயில் போட்ட சொல்லுக்கு அது போதாது. நான் எடுத்துவிடச் சொன்னேன். மாணவிக்கு வருத்தம்தான்.

இதே வகையில் இன்னொன்று: காந்தியோடு தொடர்புடைய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை 1903 ஜூன் 4 அன்று ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் தொடங்கியது, 1906-இல் இந்தியும் தமிழும் நின்றன. ஆகவே 1908-ஆம் ஆண்டுத் தமிழ்ப் பகுதியிலிருந்து என்று எங்காவது மேற்கோள் கண்டால் இதழைக் கண்ணால் பார்க்காமல் எடுத்தாளாதீர்கள். பெயர் போடாத பத்திரிகைச் செய்திக்கு இதழின் பெயரையே ஆசிரியர் இடத்தில் வைத்து, முழுத் தேதி, பக்கம், பத்தி எண் கொடுங்கள்.

'மேலது' தவறான நூலைக் காட்டுகிறது

'மேலது' என்றால் முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல். அடிக்குறிப்பு 14 சாமிநாதையர், 15 மேலது, 16 மேலது. இரவு பதினொரு மணிக்கு ஒரு யோசனை தோன்றி 14-க்கும் 15-க்கும் நடுவே காந்தியைச் செருகினீர்கள். காலையில் சாமிநாதையர் சொன்னதெல்லாம் காந்தி சொன்னதாகிவிட்டது. எழுதி முடியும்வரை 'மேலது', 'மேற்குறித்த நூல்' இரண்டையும் தொடவே வேண்டாம். ஆசிரியர் பெயர், நூல் பெயரின் முதல் சொல், பக்கம் என்று குறுக்கி எழுதிக்கொண்டு போங்கள். கடைசியில் பல்கலைக்கழகம் கேட்டால் மட்டும் மேலதாக மாற்றுங்கள். ஷிகாகோ மேற்கோள் கையேடே 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து குறுக்கிய பெயரைத்தான் விரும்புகிறது.

கப்பல் பட்டியலில் பார்த்த கொள்ளுத்தாத்தா வேறு ஆளாக இருக்கிறார்

ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது. 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். இதில் எத்தனை முனுசாமி, எத்தனை ஆறுமுகம் என்று நினைத்துப் பாருங்கள். பெயரையும் கப்பலையும் மட்டும் சான்றாக எழுதினால் பேரனே தவறான தாத்தாவுக்குத் திதி கொடுப்பான். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் உண்டு. அதுதான் உங்கள் பக்க எண். எழுத்தர் கேட்டபடி எழுதிய எழுத்துக்கூட்டலை அப்படியே கொடுங்கள். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் நீங்கள் வாசிக்கும் பெயர், பிறகு எண், கப்பல், தேதி. காப்பகத்தில் மூலத்தைப் பார்த்தீர்களா, இணையத்தில் தட்டச்சு செய்து போட்ட பட்டியலைப் பார்த்தீர்களா என்பதும் வேண்டும். தட்டச்சு செய்தவரும் நம்மைப் போல இரவு பதினொரு மணிக்கு வேலை பார்த்திருக்கலாம்.

பல்கலைக்கழகம், ஊர்ப் பெயர்கள் முன்னுக்குப் பின் முரண்

பழைய ஆய்வேட்டை இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கினால் மேலே குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே 2004-இல், நேட்டாலும் டர்பன்-வெஸ்ட்வில்லும் இணைந்தபோது. 1980-களில் அங்கே யாரும் பட்டம் வாங்கியிருக்க முடியாது. முதல் பக்கத்தைத் திறந்து அன்று என்ன பெயர் இருந்ததோ அதை எழுதுங்கள். ஊருக்கும் இதே கதை: 1928 நூலுக்கு 'சென்னை' என்று ஆங்கிலப் பட்டியலில் போட வேண்டாம், அட்டையில் உள்ள பழைய ஆங்கிலப் பெயரையே போடுங்கள்.

சில உருப்படிகளில் ஊர் இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்றால் இரண்டு பாணி கலந்திருக்கிறது. ஏபிஏ மேற்கோள் கையேட்டின் 7-ஆம் பதிப்பு வெளியீட்டு ஊரைக் கைவிட்டுவிட்டது. இங்கே பல துறைகள் கேட்கும் ஹார்வர்டு வடிவங்கள் ஊரைக் கேட்கும். ஹார்வர்டு என்பது ஒரே கையேடும் அல்ல, துறைக்குத் துறை வேறு. உங்கள் துறையின் தாளை வாங்கி மேசையில் ஒட்டிவையுங்கள்.

டர்னிட்டின் திருக்குறளைத் திருட்டு என்கிறது

சொல்லட்டும்; அது எழுத்து ஒப்புமையைத் தேடும் மென்பொருள்தான். மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா, எண் கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிஜமான அபாயம் எதிர்ப்பக்கம்: தமிழ் நூலிலிருந்து ஒரு பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்து, சான்று போடாமல் விட்டால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. தமிழ் தெரிந்த தேர்வாளர் கண்டுபிடிப்பார். சொல் மாறினாலும் கருத்து அவருடையது என்றால் அவர் பெயர் வர வேண்டும்.

தமிழ்ப் பட்டியல் அகரவரிசையில் இல்லை

கணினி பல நேரம் அகராதியைப் பார்த்து அடுக்குவதில்லை, எழுத்துக்குக் கொடுத்திருக்கும் ஒருங்குறி (யூனிகோடு) எண்ணைப் பார்த்து அடுக்கும். அதில் ன என்பது நவுக்கு அடுத்து, பவுக்கு முன்னால் இருக்கிறது. ற என்பது ரவுக்கு அடுத்து. ஆகவே 'அன்பழகன்' முதலிலும் 'அப்பாத்துரை' பின்னாலும் வருவார்கள். நம் வரிசையில் அப்பாத்துரைதான் முன்னால். 'ஜெயராமன்' சவுக்கும் ஞவுக்கும் நடுவில் நுழைவார்; கிரந்த எழுத்தைக் கடைசியில் வைப்பது அகராதி வழக்கம். புள்ளி எழுத்தும் இடம் மாறும்: நமக்கு முதலில் வர வேண்டிய க், கணினிக்குக் கௌவுக்கும் பிறகு. ஆங்கில நூல்கள் கலந்திருந்தால் அவை எல்லாம் முதலில், தமிழ் எல்லாம் பின்னால்.

தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர்களைச் சரிபார்த்துக் கடைசி முறை புதுப்பித்த பிறகு ஸோடேரோவின் இணைப்பைத் துண்டித்து, கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு, தமிழ்ப் பட்டியலைக் கையாலேயே அடுக்குங்கள். அறுபது நூலுக்கு அரை மணி நேரம் ஆகும். துண்டிக்கும் முன் அடுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து.